குறைந்த மின்னழுத்தத் திட்டங்களுக்குச் சிறு ஒலிபெருக்கியைத் தேர்ந்தெடுத்தல்

குறைந்த மின்னழுத்தத் திட்டங்கள் என்பவை 3 வோல்ட் முதல் 9 வோல்ட் வரையிலான மின்கலத்திலோ, 5 வோல்ட் யு.எஸ்.பி. மின்வழங்கியிலோ இயங்கும் சிறு மின்னணுச் சாதனங்கள் ஆகும். அழைப்பு மணி, பேசும் கடிகாரம், சிறு வானொலி, எச்சரிக்கைக் கருவி, அறிவியல் கண்காட்சி மாதிரிகள் முதலியவை இவ்வகையைச் சேரும். இவற்றில் ஒலியை வெளியிடும் உறுப்பு சிறு ஒலிபெருக்கி ஆகும்.

ஒலிபெருக்கி வாங்கும் மாணவர்கள் பெரும்பாலும் அதன் பின்புறம் அச்சிட்டுள்ள வாட் எண்ணை மட்டுமே பார்க்கின்றனர். 3 வாட் ஒலிபெருக்கி 0.5 வாட் ஒலிபெருக்கியை விட ஆறு மடங்கு சத்தமாக ஒலிக்கும் என்று எண்ணுகின்றனர். இது சரியன்று. அந்த எண், ஒலிபெருக்கி சேதமின்றித் தாங்கக்கூடிய திறனின் உச்ச வரம்பு மட்டுமே. உண்மையில் எவ்வளவு திறன் கிடைக்கும் என்பதை மின்வழங்கியும் பெருக்கிச் சுற்றும் முடிவு செய்கின்றன. கிடைத்த திறனில் எவ்வளவு ஒலியாக மாறும் என்பதை ஒலிபெருக்கியின் உணர்திறனும், அளவும், அது பொருத்தப்படும் கூடும் முடிவு செய்கின்றன.

பேச்சு வழக்கில் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் இரண்டுக்கும் ஒலிபெருக்கி என்ற சொல் வழங்குகிறது. இக்கட்டுரையில் ஒலிபெருக்கி என்பது ஸ்பீக்கரை மட்டும் குறிக்கும். ஆம்ப்ளிஃபையர் இங்கு பெருக்கிச் சுற்று எனப்படும்.

அமைப்பும் செயல்படும் முறையும்

பெரும்பாலான ஒலிபெருக்கிகள் இயங்குசுருள் வகையைச் சேர்ந்தவை. ஒரு நிலைக்காந்தத்தின் குறுகிய இடைவெளியில் மெல்லிய செப்புக்கம்பிச் சுருள் ஒன்று அசையும்படி அமைந்திருக்கும். இதற்கு ஒலிச்சுருள் என்று பெயர். சுருளில் மின்னோட்டம் பாயும்போது காந்தப் புலத்தினால் அதன்மீது விசை செயல்பட்டு, சுருள் முன்னும் பின்னும் அசைகிறது. அதனுடன் ஒட்டப்பட்டுள்ள தாள் அல்லது நெகிழிக் கூம்பு காற்றைத் தள்ளி ஒலியை உண்டாக்குகிறது.

இயங்குசுருள் அமைப்புக்கு ஆங்கிலேய இயற்பியலாளர் ஆலிவர் லாட்ஜ் 1898-இல் காப்புரிமை பெற்றார். இன்று பயன்படும் நேரடிக் கூம்பு வடிவத்தை, அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் ஆகியோர் 1925-இல் விளக்கினர். அளவு சிறுத்துவிட்டாலும் தத்துவம் இன்றும் அதுவே.

பீசோ ஒலிப்பான் வேறு வகையைச் சேர்ந்தது. சில படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும் என்பதை ழாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டறிந்தனர். அதன் மறுதலை விளைவே இங்கு பயன்படுகிறது. பித்தளைத் தகட்டில் ஒட்டிய பீங்கான் வில்லைக்கு மின்னழுத்தம் கொடுத்தால் அது வளைந்து நிமிர்ந்து ஒலி எழுப்பும். இதில் சுருளும் இல்லை, காந்தமும் இல்லை. இது மிகக் குறைந்த மின்னோட்டத்தையே எடுத்துக்கொள்ளும்.

முதல் கேள்வி: பீப் ஒலியா, பேச்சா, இசையா?

தேர்வு இங்கிருந்து தொடங்க வேண்டும்.

எச்சரிக்கைக்கான பீப் ஒலி மட்டும் போதுமானால் பீசோ ஒலிப்பானே சிறந்தது. இவற்றுள் பல 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு அடையும்படி செய்யப்படுகின்றன. மனிதச் செவி மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் ஏறத்தாழ இதுவே. ஆகவே சில மில்லி ஆம்பியர் மின்னோட்டத்திலேயே உரத்த ஒலி கிடைக்கிறது.

பீப் ஒலிப்பான்களில் இரு வகை உண்டு. ஒன்று, உள்ளேயே அலையியற்றிச் சுற்று உடையது. நேர்மின்னோட்டம் கொடுத்தவுடன் ஒரே சுருதியில் ஒலிக்கும். மற்றொன்று அலையியற்றி இல்லாதது. நுண்கட்டுப்படுத்தி அலையை அனுப்பினால்தான் ஒலிக்கும். ஆனால் சுருதியை மாற்றலாம். கடையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். மின்கலத்தைத் தொட்டவுடன் தொடர்ந்து ஒலித்தால் முதல் வகை. 'டிக்' என்ற ஒலி மட்டும் வந்தால் இரண்டாம் வகை.

பேச்சுக்குப் பீசோ பொருந்தாது. இயங்குசுருள் ஒலிபெருக்கி தேவை. தொலைபேசி வழியே 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் மட்டுமே நெடுங்காலம் அனுப்பப்பட்டு வந்தன. பேச்சைப் புரிந்துகொள்ள அதுவே போதுமானதாக இருந்தது. 40 முதல் 57 மி.மீ. விட்டமுள்ள ஒலிபெருக்கி இந்த எல்லையில் பெரும்பகுதியைத் தரக்கூடியது.

இசைக்குப் பெரிய கூம்பு வேண்டும். ஒவ்வோர் ஒலிபெருக்கிக்கும் ஓர் ஒத்ததிர்வு அதிர்வெண் உண்டு. அதற்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலிகளை அது வெகுவாகக் குறைத்துவிடும். உள்ளங்கை அளவுக்கும் சிறிய ஒலிபெருக்கிகளில் இது பொதுவாகச் சில நூறு ஹெர்ட்ஸ் ஆக இருக்கும். அதனால்தான் சிறு ஒலிபெருக்கியில் நாதசுரமும் வயலினும் தெளிவாகக் கேட்கும். மிருதங்கத்தின் தொப்பி ஒலி ஏறத்தாழ மறைந்துவிடும். வாட் எண் கூடுதலாக உள்ள ஒன்றை அதே அளவில் வாங்குவதால் மட்டும் இந்தக் குறை தீராது. 77 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட விட்டமும், தக்க பெட்டியும் தேவை.

ஓம் எண்ணின் பொருள்

ஒலிபெருக்கியின் பின்புறம் 4 ஓம், 8 ஓம், 16 ஓம், 32 ஓம் என்று ஏதேனும் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். இது இம்பீடன்ஸ் எனப்படும் மின்னெதிர்ப்பு ஆகும். ஒலிச்சுருள் வெறும் மின்தடையாக மட்டுமின்றி ஒரு மின்தூண்டியாகவும் செயல்படுவதால், இம்மதிப்பு அதிர்வெண்ணுக்கேற்ப மாறும். அச்சிட்டுள்ள எண் அதன் பெயரளவு மதிப்பு.

மல்டிமீட்டரால் அளந்தால் நேர்மின்னோட்டத் தடை மட்டுமே கிடைக்கும். அது பெயரளவு மதிப்பை விடச் சற்றுக் குறைவாக இருக்கும். 8 ஓம் ஒலிபெருக்கி ஏறத்தாழ 6.5 முதல் 7.5 ஓம் வரையும், 4 ஓம் ஒலிபெருக்கி ஏறத்தாழ 3.2 முதல் 3.8 ஓம் வரையும் காட்டும். இது பழுதன்று. அளவீடே வராமல் திறந்த சுற்றாகக் காட்டினால் சுருள் அறுந்துள்ளது எனலாம், அல்லது அது பீசோ வகையாக இருக்கலாம்.

மின்னழுத்தம் மாறாதபோது ஓம் குறைந்தால் மின்னோட்டம் கூடும், திறனும் கூடும். ஆகவே 4 ஓம் ஒலிபெருக்கிக்கு 8 ஓம் ஒலிபெருக்கியைப் போல் இருமடங்கு திறன் கிடைக்கும். ஆனால் மின்கலமும் பெருக்கிச் சுற்றும் இருமடங்கு மின்னோட்டம் தர வேண்டியிருக்கும். பெருக்கிச் சுற்றின் தரவுத்தாளில் 8 ஓம் என்று மட்டும் குறிப்பிட்டிருந்தால் அதில் 4 ஓம் ஒலிபெருக்கியை இணைக்கக் கூடாது. 8 ஓம் மட்டுமே தாங்கும் சுற்றில் 16 ஓம் அல்லது 32 ஓம் இணைப்பதில் ஆபத்து இல்லை. ஒலி மட்டும் குறையும்.

இரண்டு 8 ஓம் ஒலிபெருக்கிகளைப் பக்க இணைப்பில் இணைத்தால் 4 ஓம் ஆகும். தொடர் இணைப்பில் 16 ஓம் ஆகும். இரண்டு ஒலிபெருக்கி வைத்தால் நல்லது என்று பக்க இணைப்பில் இணைத்துவிட்டு, சுற்று சூடாவதன் காரணம் தெரியாமல் தவிப்பது பள்ளிக் கண்காட்சிகளில் காணக்கூடியதே.

மின்னழுத்தம் விதிக்கும் எல்லை

குறைந்த மின்னழுத்தத்தில் கிடைக்கக்கூடிய உச்சத் திறனை எளிய கணக்கால் அறியலாம்.

எல்.எம். 386 போன்ற பழைய வகைப் பெருக்கிகளில் ஒலிபெருக்கியின் ஒரு முனை தரையுடன் இணைக்கப்படும். இதில் வெளியீட்டு அலை, மின்வழங்கியின் பாதி அளவே மேலும் கீழும் செல்ல முடியும். அப்போது சைன் அலைக்கான உச்சத் திறன்:

திறன் = (மின்னழுத்தம் × மின்னழுத்தம்) ÷ (8 × ஓம்)

பி.ஏ.எம். 8403 போன்ற புதிய பெருக்கிகளில் ஒலிபெருக்கியின் இரு முனைகளும் எதிரெதிராக இயக்கப்படுகின்றன. இதற்குப் பிரிட்ஜ் முறை என்று பெயர். இதில் ஒலிபெருக்கிக்கு இருமடங்கு மின்னழுத்தம் கிடைப்பதால் திறன் நான்கு மடங்காகும்:

திறன் = (மின்னழுத்தம் × மின்னழுத்தம்) ÷ (2 × ஓம்)

இவற்றின்படி கிடைக்கும் மதிப்புகள்:

3 வோல்ட், தரை இணைப்பு: 8 ஓமில் 0.14 வாட், 4 ஓமில் 0.28 வாட்.
3 வோல்ட், பிரிட்ஜ் முறை: 8 ஓமில் 0.56 வாட், 4 ஓமில் 1.13 வாட்.
3.7 வோல்ட், பிரிட்ஜ் முறை: 8 ஓமில் 0.86 வாட், 4 ஓமில் 1.71 வாட்.
5 வோல்ட், தரை இணைப்பு: 8 ஓமில் 0.39 வாட், 4 ஓமில் 0.78 வாட்.
5 வோல்ட், பிரிட்ஜ் முறை: 8 ஓமில் 1.56 வாட், 4 ஓமில் 3.13 வாட்.

இவை ஏட்டுக் கணக்கின் உச்சங்கள். நடைமுறையில் பெருக்கிச் சுற்றின் உள்ளேயே சிறிது மின்னழுத்தம் இழக்கப்படும். எடுத்துக்காட்டாக, எல்.எம். 386 சுற்றுக்கு 6 வோல்ட்டும் 8 ஓமும் கொடுத்தால் கணக்குப்படி 0.56 வாட் வர வேண்டும். ஆனால் அதன் தரவுத்தாள் 10 விழுக்காடு உருக்குலைவுடன் 0.325 வாட் என்றே குறிப்பிடுகிறது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். 3 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் எல்.எம். 386 சுற்றுக்கு 5 வாட் ஒலிபெருக்கி வாங்குவதால் வாட் கணக்கில் எந்தப் பயனும் இல்லை. அச்சுற்றின் சாதாரண வகை இயங்குவதற்கே குறைந்தது 4 வோல்ட் தேவை என்பதும் பலர் கவனியாத செய்தி.

எவ்வளவு வாட் தாங்க வேண்டும்?

ஒலிபெருக்கியின் வாட் எண், பெருக்கிச் சுற்று தரக்கூடிய உச்சத் திறனுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருப்பது பாதுகாப்பு. 5 வோல்ட் பிரிட்ஜ் பெருக்கியுடன் 8 ஓம், 0.5 வாட் ஒலிபெருக்கியை இணைத்து ஒலியளவை முழுவதும் கூட்டினால், அதற்குத் தாங்கும் திறனைப் போல் மூன்று மடங்கு செல்லும். ஒலிச்சுருள் சூடாகி, பசை இளகி, நாளடைவில் கரகரப்பு தோன்றும். பின் சுருள் அறுந்துபோகும். இவ்விடத்தில் 2 வாட் ஒலிபெருக்கியே பொருத்தம்.

நுண்கட்டுப்படுத்தியிலிருந்து வரும் பீப் ஒலி பெரும்பாலும் சதுர அலையாகும். ஒரே உச்சமுள்ள சைன் அலையை விடச் சதுர அலையின் திறன் இருமடங்கு. ஆகவே சதுர அலையைப் பெருக்கி ஒலிக்கச் செய்யும் திட்டங்களில் மேற்கண்ட மதிப்புகளை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

சில பெட்டிகளில் பி.எம்.பி.ஓ. என்ற பெயரில் நூற்றுக்கணக்கான வாட் அச்சிடப்பட்டிருக்கும். அதனைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. ஆர்.எம்.எஸ். அல்லது பெயரளவுத் திறன் என்று குறிப்பிட்ட மதிப்பே பயன்படும்.

உணர்திறன்: பலரும் விட்டுவிடும் எண்

1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் ஒலி கிடைக்கிறது என்பதே உணர்திறன். டெசிபல் அளவுகோலில் திறன் இருமடங்கானால் 3 டெசிபல் மட்டுமே கூடும். செவிக்கு ஒலி இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை.

82 டெசிபல் உணர்திறனுள்ள ஓர் ஒலிபெருக்கியையும் 88 டெசிபல் உள்ள மற்றொன்றையும் ஒப்பிடலாம். வேறுபாடு 6 டெசிபல். அதாவது திறனில் நான்கு மடங்கு. முதலாவது 1 வாட்டில் தரும் ஒலியை இரண்டாவது 0.25 வாட்டிலேயே தந்துவிடும். மின்கலத்தில் இயங்கும் கருவிக்கு இது பெரிய சேமிப்பு.

சிறு ஒலிபெருக்கிகளின் தரவுத்தாளில் அளவிட்ட முறையையும் படிக்க வேண்டும். பல உற்பத்தியாளர்கள் 0.1 வாட் கொடுத்து 0.1 மீட்டரில் அளந்த மதிப்பைத் தருகின்றனர். 1 வாட், 1 மீட்டர் முறைக்கு மாற்ற, திறனுக்காக 10 டெசிபல் கூட்டித் தொலைவுக்காக 20 டெசிபல் கழிக்க வேண்டும். ஆகவே அவ்வாறு அளந்த 90 டெசிபல் என்பது உண்மையில் 80 டெசிபல் மட்டுமே. இரு ஒலிபெருக்கிகளை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே முறையில் அளக்கப்பட்டவையா என்று பார்ப்பது அவசியம்.

கூடு இல்லாமல் ஒலி இல்லை

கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று அழுத்தப்படுகிறது. பின்புறக் காற்று தளர்கிறது. ஒலிபெருக்கியைத் திறந்தவெளியில் வைத்தால் பின்புற அலை விளிம்பைச் சுற்றி வந்து முன்புற அலையை ஈடுசெய்துவிடும். தாழ்ந்த ஒலிகளே இதனால் அதிகம் இழக்கப்படுகின்றன. மேசைமேல் கம்பியில் தொங்கும் ஒலிபெருக்கி தகர டப்பாவைப் போல் ஒலிப்பதற்குக் காரணம் இதுவே.

இதை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு தடித்த அட்டையில், கூம்பின் விட்டத்துக்குச் சற்றுச் சிறிய வட்டத் துளை வெட்ட வேண்டும். ஒலித்துக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கியை அத்துளையின் பின்னால் ஒட்டினாற்போல் பிடித்தால் ஒலி உடனே கனத்து ஒலிப்பதைக் கேட்கலாம். மின்சாரச் செலவு சிறிதும் கூடவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது.

நெகிழி உணவு டப்பா, மரப்பெட்டி, தடித்த அட்டைப்பெட்டி, பாதித் தேங்காய்ச் சிரட்டை ஆகியவை கூடாகப் பயன்படும். விளிம்பில் காற்று கசியாதவாறு நுரைத்துண்டு அல்லது பசை கொண்டு அடைக்க வேண்டும். பெட்டி மிகச் சிறியதானால் உள்ளே அடைபட்ட காற்று கூம்பின் அசைவைத் தடுக்கும். தாழ்ந்த ஒலி குறையும். கூம்பின் முன்னே உள்ள துளைகள் போதிய அளவு திறந்திருக்க வேண்டும். ஊசித்துளைகள் நான்கைந்து மட்டும் இட்டால் ஒலி அடங்கிவிடும்.

நுண்கட்டுப்படுத்தியுடன் நேரடியாக இணைக்கலாமா?

கூடாது. அர்டுயினோ உனோ பலகையில் உள்ள நுண்கட்டுப்படுத்தியின் ஒரு முனை 20 மில்லி ஆம்பியர் வரை தருவது பாதுகாப்பானது. 40 மில்லி ஆம்பியர் அதன் இறுதி வரம்பு. 8 ஓம் ஒலிபெருக்கியை 5 வோல்ட் முனையில் நேரடியாக இணைத்தால் ஓம் விதிப்படி 5 ÷ 8 = 0.625 ஆம்பியர், அதாவது 625 மில்லி ஆம்பியர் இழுக்க முயலும். முனை பழுதடையலாம். ஒலிபெருக்கியின் விலையை விடப் பலகையின் விலை பன்மடங்கு என்பதால் இது மாணவர்களுக்குப் பெரிய இழப்பு.

மூன்று வழிகள் உள்ளன.

ஒன்று, முனைக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே 270 ஓம் மின்தடை இணைப்பது. மின்னோட்டம் ஏறத்தாழ 18 மில்லி ஆம்பியராகக் குறையும். ஒலி மிக மெலிதாகவே கேட்கும். சுற்றைச் சோதிக்க மட்டும் இது போதும்.

இரண்டு, பி.சி. 547 போன்ற டிரான்சிஸ்டரை இடையில் வைப்பது. அதன் ஏற்பி மின்னோட்ட வரம்பு 100 மில்லி ஆம்பியர். ஆகவே 8 ஓம் ஒலிபெருக்கியுடன் 47 ஓம் மின்தடையைத் தொடராக இணைத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 91 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். அடிவாய்க்கு 1,000 ஓம் மின்தடை போதும். ஒலிச்சுருள் ஒரு மின்தூண்டி என்பதால், டிரான்சிஸ்டரைக் காக்க ஒலிபெருக்கிக்கு இணையாக எதிர்த்திசையில் ஒரு டையோடு வைப்பது நல்லது. பீப் ஒலிக்கு இம்முறை ஏற்றது.

மூன்று, தனிப் பெருக்கிச் சுற்றைப் பயன்படுத்துவது. பேச்சுக்கும் இசைக்கும் இதுவே முறை.

பொதுவாகக் கிடைக்கும் பெருக்கிச் சுற்றுகள்

எல்.எம். 386: எளிமையானது, பாடநூல் சுற்றுகளில் பரவலாகக் காணப்படுவது. வெளியீட்டில் மின்வழங்கியின் பாதி அளவு நேர்மின்னழுத்தம் எப்போதும் இருக்கும். அது ஒலிபெருக்கிக்குச் செல்லாதவாறு ஒரு மின்தேக்கி கட்டாயம் தேவை. 220 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் 8 ஓம் ஒலிபெருக்கியும் சேர்ந்தால் ஏறத்தாழ 90 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி குறையத் தொடங்கும். சிறு ஒலிபெருக்கிக்கு இது போதுமானது.

பி.ஏ.எம். 8403: 2.5 முதல் 5.5 வோல்ட் வரை இயங்கும் இரு தடப் பெருக்கி. டி வகுப்பைச் சேர்ந்தது என்பதால் குறைவாகவே சூடாகும், மின்கலம் நீடிக்கும். பிரிட்ஜ் முறை என்பதால் இதன் வெளியீட்டு முனை எதையும் தரையுடன் இணைக்கக் கூடாது. இரு தடங்களின் கழித்தல் முனைகளை ஒன்றாக முறுக்கிவிடுவதும் தவறு, சுற்று பழுதாகலாம்.

மேக்ஸ் 98357: நுண்கட்டுப்படுத்தியிலிருந்து ஐ.2.எஸ். முறையில் இலக்க ஒலியைப் பெற்று ஒலிபெருக்கியை நேரடியாக இயக்கும் ஒரு தடப் பெருக்கி. இதுவும் 2.5 முதல் 5.5 வோல்ட் வரை இயங்கும்.

டி.எஃப்.பிளேயர் மினி: நினைவக அட்டையில் பதிந்த ஒலிக்கோப்புகளை வாசிக்கும் சிறு பலகை. சிறு பெருக்கி உள்ளேயே இருப்பதால் ஓர் ஒலிபெருக்கியை நேரடியாக இணைக்கலாம்.

மின்கலத்தின் பங்கு

5 வோல்ட் பிரிட்ஜ் முறையில் 4 ஓம் ஒலிபெருக்கியின் உச்ச மின்னோட்டம் 5 ÷ 4 = 1.25 ஆம்பியர் வரை எட்டக்கூடும். பொத்தான் மின்கலத்தால் இதைத் தர இயலாது. சி.ஆர். 2032 வகைப் பொத்தான் மின்கலம் சில மில்லி ஆம்பியருக்கே உரியது; பீசோவுக்கு மட்டும் ஏற்றது. சிறிய 9 வோல்ட் செவ்வக மின்கலத்துக்கும் அக மின்தடை கூடுதல் என்பதால் உரத்த ஒலியில் அதன் மின்னழுத்தம் சரிந்துவிடும்.

இச்சரிவால் விளையும் குழப்பம் ஒன்று உண்டு. ஒலி உச்சத்தை அடையும்போதெல்லாம் நுண்கட்டுப்படுத்தி நின்று மீண்டும் தொடங்கும். நிரல் தவறு என்று எண்ணி மாணவர்கள் பல மணி நேரம் நிரலைத் திருத்துவர். பெருக்கியின் மின்முனைகளுக்கு மிக அருகில் 470 மைக்ரோஃபாரட் அல்லது 1,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை இணைத்தாலோ, 8 ஓம் ஒலிபெருக்கிக்கு மாறினாலோ பெரும்பாலும் இது தீர்ந்துவிடும்.

எடுத்துக்காட்டு: மூன்று திட்டங்கள்

எச்சரிக்கைக் கைத்தடி: பார்வைத்திறன் குன்றியோருக்கான இக்கருவி, மீயொலி உணரி மூலம் தடையை உணர்ந்து ஒலிக்கும். தெருச் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும். மின்கலமும் நீடிக்க வேண்டும். பீசோ ஒலிப்பானே பொருத்தம். ஆனால் தெருவில் நடக்கும் பார்வையற்றவர் வண்டிகளின் வரவைச் செவியால்தான் அறிகிறார். ஓயாமல் அலறும் கருவி அவருக்கு உதவுவதற்குப் பதில் இடையூறாகிவிடும். ஆகவே குறுகிய, இடைவெளி விட்ட பீப் ஒலியே தேவை. கைப்பிடியில் அதிர்வு மோட்டாரும் சேர்த்து, ஒலியை நிறுத்தும் சாவியும் வைப்பது இன்னும் நல்லது. இத்திட்டத்தில் சத்தத்தைக் கூட்டுவது மட்டுமே வெற்றி ஆகாது.

பேசும் வெப்பமானி: அறைக்குள் இரண்டு மூன்று மீட்டர் தொலைவில் கேட்டால் போதும். 5 வோல்ட் மின்வழங்கி, டி.எஃப்.பிளேயர் மினி, 57 மி.மீ. விட்டமுள்ள 8 ஓம், 2 வாட் ஒலிபெருக்கி, காற்று கசியாத சிறு பெட்டி ஆகியவை போதுமானவை.

சிறு வானொலி: 6 வோல்ட்டுக்கு நான்கு டபுள் ஏ மின்கலங்கள், எல்.எம். 386, 77 மி.மீ. விட்டமுள்ள 8 ஓம் ஒலிபெருக்கி. கிடைப்பது 0.3 வாட் அளவே என்பதால் 0.5 வாட் தாங்கும் ஒலிபெருக்கியே போதும். கூடுதல் பணத்தை வாட் எண்ணுக்குச் செலவிடாமல், அளவில் பெரியதும் உணர்திறன் மிக்கதுமான ஒன்றுக்குச் செலவிடலாம்.

வாங்கும்போதும் பொருத்தும்போதும் கவனிக்க வேண்டியவை

சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் தரவுத்தாள் இல்லாத ஒலிபெருக்கிகளே அதிகம் கிடைக்கும். பழைய வானொலி, பொம்மை, அழைப்பு மணி ஆகியவற்றிலிருந்து கழற்றியவையும் நன்கு பயன்படும். அவற்றைக் கீழ்க்கண்டவாறு சோதிக்கலாம்.

மல்டிமீட்டரால் ஓம் அளந்து 4 ஓம் வகையா, 8 ஓம் வகையா என்று அறிய வேண்டும்.

1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் மட்டும் தொட்டால் 'டக்' என்ற தெளிவான ஒலி வர வேண்டும். கூம்பு வெளியே தள்ளப்பட்டால், மின்கலத்தின் நேர்முனையைத் தொட்ட முனையே ஒலிபெருக்கியின் கூட்டல் முனை. தொடர்ந்து பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

கூம்பின் இருபுறமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்தினால் உராய்வு ஒலி கேட்கக் கூடாது. கேட்டால் சுருள் இடம் மாறியிருக்கிறது, அல்லது காந்த இடைவெளியில் துகள் சிக்கியிருக்கிறது.

இரும்புத்தூள் உள்ள மேசையில் ஒலிபெருக்கியை வைக்கக் கூடாது. காந்தம் தூளை ஈர்த்துக்கொள்ளும். ஈயப் பற்றவைப்பை ஓரிரு நொடிகளில் முடிக்க வேண்டும். நேரமானால் நெகிழிச் சட்டம் உருகும். முனையிலிருந்து கூம்புக்குச் செல்லும் மெல்லிய பின்னல் கம்பியில் ஈயம் ஏறினால் அது விறைத்து விரைவில் முறியும். திசைகாட்டி உணரி, காந்தப்புல உணரி ஆகியவற்றை ஒலிபெருக்கிக்கு அருகில் பொருத்தினால் தவறான அளவீடு தரும்.

தேர்வுக்கான வரிசை

முதலில் ஒலியின் வகையையும் கேட்க வேண்டிய தொலைவையும் முடிவு செய்தல். அடுத்து மின்வழங்கியின் வோல்ட்டையும் அது தரக்கூடிய மின்னோட்டத்தையும் அறிதல். பின் பெருக்கிச் சுற்றைத் தேர்ந்து, அதன் தரவுத்தாளில் அனுமதிக்கப்பட்ட ஓம் மதிப்பைப் பார்த்தல். கிடைக்கும் திறனைக் கணக்கிட்டு அதற்குக் குறையாத வாட் எண்ணைக் கொள்ளுதல். பெட்டியில் இடமுள்ள அளவுக்குப் பெரிய விட்டத்தையும் கூடுதல் உணர்திறனையும் தேர்தல். இறுதியில் கூட்டைச் சரியாக அமைத்தல். ஒலி போதவில்லை என்றால் முதலில் கூட்டைச் சரிபார்த்து, பிறகு உணர்திறன் மிக்க ஒலிபெருக்கிக்கு மாறி, அதன் பின்னரே கூடுதல் திறனுள்ள பெருக்கியைப் பற்றி எண்ணலாம். இந்த முறையே செலவு குறைந்தது.